பூஞ்சையின் பிடி எங்கே? – ஓர் ஆராய்ச்சியின் மதிப்பீடு

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு நெசவாளரின் தாயார், தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாட்கள் இருந்தார். வந்த நோய் தணிந்தது. ஆனால் இரத்தத்தில் பூஞ்சை கலந்துவிட்டது என்றனர் மருத்துவர்கள். “ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றிப் புளிக்க வைக்கிறோமே, அதில் இருப்பதும் பூஞ்சைதானே சார்? அது ஆளைக் கொல்லுமா?” என்று அவர் என்னைக் கேட்டார். நான் இயற்பியல் ஆசிரியன். உடனே பதில் சொல்ல இயலவில்லை. தேடிப் படித்தபோது கண்ட ஓர் ஆராய்ச்சியை இங்கு எடைபோட்டுப் பார்க்கலாம். பெங்களூரு ஜவாகர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் கௌஸ்துவ் சன்யால் என்னும் மூலக்கூறு உயிரியலார் தம் மாணவர்களுடன் செய்த ஆராய்ச்சி அது.

நல்ல ஈஸ்டும் நோய் ஈஸ்டும்

கள்ளிலும் ரொட்டியிலும் உள்ள ஈஸ்ட், சக்கரோமைசிஸ் செரிவிசியே. அதன் தூரத்து உறவு கேண்டிடா அல்பிகன்ஸ். இது நலமாக உள்ளவர்களின் வாயிலும் குடலிலும்கூட வாழ்கின்றது. உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்தால் இரத்தத்தில் புகுந்து உயிருக்கே உலை வைக்கின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட 19 நோய்ப் பூஞ்சைகளின் பட்டியலில், மிக ஆபத்தானவை எனக் குறித்த நான்கில் இதுவும் ஒன்று.

பாக்டீரியாவைக் கொல்லப் பல மருந்துகள் உண்டு. பூஞ்சைக்கோ, மருந்து வகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏன்? பூஞ்சையின் செல், பாக்டீரியாவைவிட நம் செல்லையே அதிகம் ஒத்திருக்கின்றது. அதைக் கொல்லும் நஞ்சு நம்மையும் தாக்கக்கூடும். ஆகவே, அதனிடம் உள்ளதும் நம்மிடம் இல்லாததுமான ஒன்றைத் தேட வேண்டியிருக்கின்றது.

கேள்வி என்ன?

ஒரு செல் இரண்டாகும்போது குரோமோசோம்கள் சமமாகப் பிரிய வேண்டும். நுண்குழல் என்னும் இழைகள் அவற்றை இருபுறமும் இழுக்கின்றன. இழை பற்றுகின்ற இடமே சென்ட்ரோமியர். தறியில் ஒவ்வொரு பாவு நூலும் அதனதன் விழுதில் கோத்திருக்க வேண்டும் அன்றோ? ஓர் இழை தவறினாலும் சேலையில் குறை தெரியும். செல்லிலும் அப்படித்தான்.

அந்த இடத்தைச் செல் எப்படி அடையாளம் காண்கின்றது? ரொட்டி ஈஸ்டின் சென்ட்ரோமியரை லூயிஸ் கிளார்க்கும் ஜான் கார்பனும் 1980-ல் பிரித்தெடுத்தனர். ஏறக்குறைய 125 படிகளே கொண்ட டி.என்.ஏ. துண்டு போதும், எழுத்தே இடத்தைச் சொல்லிவிடும். எல்லா ஈஸ்டும் இப்படித்தான் என எண்ணத் தோன்றும்.

2004-ல் கார்பனின் கலிபோர்னிய ஆராய்ச்சிக் கூடத்தில் சன்யாலும் மேரி பாமும் கேண்டிடாவைப் பார்த்தபோது அந்த எண்ணம் உடைந்தது. அதன் எட்டுக் குரோமோசோம்களிலும் எட்டு விதமான சென்ட்ரோமியர்கள்! பொதுவான எழுத்து எதுவும் இல்லை. 2006-ல் இன்னொரு சோதனை வெளிவந்தது. அதே சென்ட்ரோமியர் டி.என்.ஏ.வை வெறுமையாகச் செல்லுக்குள் செலுத்தினர்; அது வேலை செய்யவில்லை. அப்படியானால் எழுத்து மட்டும் போதாது. சென்ப்-ஏ என்னும் சிறப்புப் புரதம் அங்கே ஏற்கெனவே அமர்ந்திருக்க வேண்டும். தாய்ச் செல்லிலிருந்து சேய்ச் செல்லுக்கு டி.என்.ஏ. மட்டுமன்றி, இந்த அடையாளமும் சொத்தாகச் செல்கின்றது.

நிறையும் குறையும்

இந்த ஆராய்ச்சியின் முதல் சிறப்பு, ஒன்றைப் பார்த்து எல்லாவற்றையும் முடிவு கட்டும் பழக்கத்தைத் தடுத்தது. ‘ஈஸ்டில் இப்படி’ என்று படித்தால், ‘எந்த ஈஸ்டில்?’ என்று மாணவர்கள் இனிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது சிறப்பு, நோயோடு உள்ள தொடர்பு. 2006-ல் அமெரிக்காவில் ஜூடித் பெர்மன் குழுவினர் கண்டது இது: புளுகோனசோல் மருந்தை எதிர்க்கும் சில கேண்டிடாக்களில், ஐந்தாம் குரோமோசோமின் இடது கை இரண்டு, சென்ட்ரோமியரின் இருபுறமும் ஒட்டிப் புதிய குரோமோசோமாகியிருந்தது. மருந்தை எதிர்க்க உதவும் ஜீன்கள் அந்தக் கையில் உள்ளன. குரோமோசோம் எப்படிப் பிரிகின்றது என்பது ஏட்டுக் கேள்வி அல்ல என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது சிறப்பு, டாம்1 என்னும் புரதக் கூட்டம். கேண்டிடாவில் ஒரு குரோமோசோமை இழுப்பது ஒரே ஒரு நுண்குழல். கரைந்துகொண்டே போகும் அதன் நுனியில் பிடி நழுவாமல் காப்பது இந்தக் கூட்டம். இது இல்லையேல் கேண்டிடா பிழைக்காது என்று 2011-ல் சன்யால் குழுவினர் காட்டினர். மனிதச் செல்லில் டாம்1 இல்லை. வேறு புரதங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. தேடிய வேறுபாடு இதோ!

ஆனால் இங்கேதான் எச்சரிக்கை தேவை. இத்தகைய ஆராய்ச்சிச் செய்திகள் பெரும்பாலும் ‘புதிய மருந்துக்கு வழி’ என்று முடிகின்றன. டாம்1-ஐக் குறிவைத்த மருந்து எதுவும் இன்றுவரை நோயாளியின் கைக்கு வரவில்லை. ஒரு ஜீனை ஆராய்ச்சிக் கூடத்தில் நிறுத்துவது வேறு. பல புரதங்கள் பின்னிய கூட்டத்தை ஒரு மாத்திரையால் உடைப்பது வேறு.

இன்னொரு குறையும் உண்டு. சென்ட்ரோமியரை நீக்கினால் கேண்டிடா புதியதொன்றை அமைத்துக்கொள்கின்றது. பெரும்பாலும் பழைய இடத்தின் அருகில், சில வேளை தொலைவில். ‘எங்கே அமையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா?’ என்று இயற்பியல் படித்தவன் கேட்பான். ஓரளவுதான் முடிகின்றது. முதல் அடையாளத்தை இட்டது எது என்ற கேள்விக்கும் விடை முழுமையாக இல்லை.

இவற்றால் ஆராய்ச்சியின் மதிப்புக் குறையாது. கேட்ட கேள்விக்கு அது விடை தந்தது. கேட்காத கேள்விக்கு விடை தந்ததாக நாம் சொன்னால்தான் பிழை.

பக்கத்து வீட்டு அம்மையார், முன்பே இருந்த மருந்தால் குணமாகி வீடு திரும்பினார். அவர் மகனிடம், “கள்ளில் இருப்பதும் பூஞ்சைதான், ஆனால் அது வேறு, இது வேறு” என்றேன். “இந்த மருந்துக்கும் அடங்காத பூஞ்சை வந்தால், சார்?” என்று கேட்டார். அந்த நாளுக்காகத்தான் பெங்களூரில் ஈஸ்டை எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். விடை இன்னும் வரவில்லை என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.