பக்கத்து வீட்டு ராத்தா

நம்மவர் சிறுகதைகளில் அடிபடும் மனைவி அடிக்கடி வருகிறாள். ஸப்ர் செய்கிறாள், தாங்கமுடியாதபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போகிறாள். அதோடு கதை முடிகிறது.

மறுநாள் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரவேண்டுமே! சப்பாத்தும் கொப்பிகளும் வாப்பா வீட்டிலல்லவா கிடக்கின்றன? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் முஸ்லிம் பெண்ணுக்கும் உரியது. நீதவான் நீதிமன்றில் தனக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அதைச் சொல்லிக்கொடுக்கும் பாத்திரம் ஒன்றை நான் வாசித்த கதைகளில் காணவில்லை.

அதைவிடப் பெரிய குறை, பக்கத்து வீட்டு ராத்தாவை வீணாக்குவது. சுவருக்கு அப்பால் இருந்து எல்லாம் கேட்கிறாள். "பாவம் புள்ள" என்கிறாள். அவ்வளவுதான். கொடுமையைச் சொல்லிக் காதியிடம் பஸஹ் கேட்பவளின் வாய்ப்பேச்சு மட்டும் போதாது. இரண்டு சாட்சிகளாவது வேண்டும். ராத்தா போவாளா? அவளுடைய புருஷன் விடுவானா? எழுதப்படாத கதை அங்கேதான் கிடக்கிறது.

நானும் அந்த ராத்தாதான். என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உம்மா, "டீச்சர், புள்ளட கைக்காயத்தக் கண்டீங்கதானே, வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டார். "ஊட்டுல கேட்டுட்டுச் சொல்றன்" என்றேன். அவர் பிறகு கேட்கவில்லை.