கன்னியர் மடப் பள்ளியும் அதன் பெயரும்

ஒரு பொருட்கு இட்ட பெயர் அப்பொருளை உணர்த்துமளவே பெயராம், உணர்த்தாதொழியின் வெற்றோசையாம். சிங்கப்பூர்த் தீவின் விக்டோரியா வீதியில் நிற்கும் பழைய கன்னியர் மடப் பள்ளி இதற்கோர் எடுத்துக்காட்டாகும். பிற சமயத்தார் நிறுவிய பள்ளியொன்றன் பெயரை ஈண்டு ஆராய்தல் எற்றுக்கெனின், வழிபாட்டிடமும் கல்விச்சாலையும் தம் பயன் நீங்கியவழி அவற்றின் சுவரும் பெயரும் என்னாம் என்னும் வினா எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாகலின் என்க.

முதற்கண் வரலாறு அறியற்பாலது. கோல்மன் என்னும் கட்டடக் கலைஞர் 1840-41ஆம் ஆண்டுகளில் கால்டுவெல் என்பார்க்கு அவ்விடத்தே ஓர் மாளிகை அமைத்தார். இக்கால்டுவெல் நீதிமன்றத்தில் எழுத்தர் பணி புரிந்தவர். தமிழுலகம் நன்கறிந்த கால்டுவெல் ஐயரின் வேறாவர். அம்மாளிகையைப் பிரஞ்சு நாட்டுக் கத்தோலிக்கக் குருவாகிய பியூரல் அடிகள் 1852இல் விலைக்கு வாங்கினார். 1854 பெப்ரவரியில் மத்தில்டு அன்னையார் தலைமையிற் கன்னியர் சிலர் பினாங்குத் தீவினின்றும் போந்து, திருக்குழந்தை இயேசு கன்னியர் மடத்தை அங்கு நிறுவிச் சின்னாளிற் கற்பிக்கத் தொடங்கினர். சம்பளம் கொடுத்துப் பயில்வார்க்கு ஒரு வகுப்பும், ஏழைகட்கும் தாய் தந்தையற்றார்க்கும் பிறிதொரு வகுப்பும் நடந்தன. செல்வரையும் வறியரையும் இங்ஙனம் பிரித்து வைத்தமை குறையேயாம். ஆயினும் பெண்கள் எழுத்தறிதல் அரிதாயிருந்த அக்காலத்தே வறியார்க்கும் கதவு திறந்தமை பெருஞ்செயல் என்பதை மறுப்பாரிலர்.

அம்மடத்திற்கு வீதியோரமாய்ச் சிறு வாயிலொன்று உண்டு. அதனை 'நம்பிக்கை வாயில்' என்ப. பெற்றோராற் கைவிடப்பட்ட பச்சிளங் குழவிகள் கூடையில் வைத்து அவ்வாயிலண்டை விடப்பட்டன. அவற்றுட் பல பெண் மகவு. வறுமையால் விடப்பட்டனவும், சீனர் கணக்கிற் புலியாண்டிற் பிறந்தமையாற் குடிக்கு ஆகாவெனத் தள்ளப்பட்டனவும் அவற்றுள் உள. நாளும் கோளும் காட்டிப் பெண் மகவை வெறுக்கும் பேதைமை சீனர்க்கே உரியதன்று என்பதை அன்பர்கள் அறிவர். கன்னியர் அக்குழவிகளை எடுத்து வளர்த்தனர்.

பின்னர் நேன் அடிகள் வகுத்த திட்டப்படி, 1904ஆம் ஆண்டில் அழகிய சிற்றாலயமொன்று நிறைவெய்தியது. அதன்கண்ணும் தாழ்வாரங்களிலும் உள்ள தூண்களின் தலைப்புகள் 648 என்றும், வெப்பநாட்டுக் கொடியும் பறவையுமாக அவற்றின் வேலைப்பாடு ஒன்றற்கொன்று வேறுபட்டதென்றும் கூறுப. 1933இற் சீனமொழி வழிக் கல்விக்கெனப் புனித நிக்கலஸ் பள்ளி அவ்வளாகத்தே தோன்றியது. 1983இல் மடப் பள்ளி தோபாயோவுக்குப் பெயர்ந்தது. ஆலயத்தில் வழிபாடும் அவ்வாண்டொடு நின்றது. 1990இற் கால்டுவெல் மாளிகையும் ஆலயமும் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பழுது பார்க்கப்பட்ட வளாகம் 1996இல் உணவுச்சாலைகளும் கடைகளும் நிறைந்த இடமாய்த் திறக்கப்பட்டது. ஆலயம் மணவிழாவும் விருந்தும் நடைபெறும் மண்டபமாயிற்று. திருத்தப்பணியின் நேர்த்திக்கு 2002இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்புப் பரிசும் கிடைத்தது.

இனிப் பெயரை நோக்குக. மடத்தின் ஆங்கிலப் பெயர்ச் சொற்களின் முதலெழுத்துக்கள் சி, எச், ஐ, ஜே என நான்கு. புதிய வாணிக வளாகத்தார் அந்நான்கோடு எம், இ, எஸ் என்னும் மூன்றெழுத்தைக் கூட்டிச் 'சைம்ஸ்' என வழங்கினர். அவ்வொலி ஆங்கிலத்தில் மணியோசையைக் குறிக்கும். எழுத்து மடத்தினது, ஓசை மணியினது, பொருளோ இரண்டன்பாலும் இல்லை. பழம்பெயரைப் போற்றினர் போலக் காட்டி, அதனைச் சொல் விளையாட்டாக்கியமையே ஈண்டுக் குற்றமாகக் கொள்ளப்படுகின்றது.

அற்றன்று, வாணிகத்துக்கு விட்டிலரேல் அம்மாளிகைகள் பேணுவாரின்றி இடிந்தொழியுமாலெனின், அது பொருந்தும். சுவரைக் காக்கப் பொருள் வேண்டும். அது வரும் வழியைப் பழித்தல் ஈண்டுக் கருத்தன்று. வருவார்க்கு எதனை முன்னிறுத்திக் காட்டுவது என்பதே வினா. தூணின் தலைப்பை முன்னிறுத்தினாற் கலைநயம் விளங்கும். சிறு வாயிலை முன்னிறுத்தினால் அவ்விடம் எதற்காக இருந்தது என்பது விளங்கும்.

பள்ளிதான் தோபாயோவில் வாழ்கின்றதே, இழப்பென்னை எனின், பள்ளி வாழ்தல் மகிழ்ச்சிக்குரியதே. அப்பள்ளி அந்நான்கெழுத்தைத் தன் பெயராகவே இன்றும் தாங்கி நிற்றலின், அவ்வெழுத்துக்களை விருந்து மண்டபத்துக்கு விளம்பரமாக்குதல் பின்னும் தகாது.

அக்குழவிகளைக் கன்னியர் தம் சமயத்திற் சேர்த்துக்கொண்டனரே, அவர்க்குப் புகழ் யாங்ஙனம் எனின், அவ்வினாவை எழுப்புவார் கூடையை அங்கு வைத்துச் சென்றார் யாவர் என்பதை முதற்கண் வினவல் வேண்டும். தாம் கைவிட்ட மகவைப் பிறர் எவ்வாறு வளர்த்தார் என்று வழக்கிடும் உரிமை எடாதவர்க்கு இல்லை. வழக்கிட விரும்புவார் தம் ஊரில் அத்தகைய வாயிலொன்று திறத்தல் முறையாம்.

ஆகவே அவ்வளாகத்தை உடையார்க்கும், அதனைக் காட்டி விளக்குவார்க்கும் கூறத்தக்கது ஒன்றே. பெயர்ப் பலகையை மாற்றல் அரிதாயினும், அந்நான்கெழுத்தும் எச்சொற்களைக் குறித்தன, அச்சொற்களை உடையார் எவ்வாயிலில் எவரை ஏற்றனர் என்பதைத் தூணும் கண்ணாடிச் சாளரமும் காட்டு முன்னர் எடுத்துரைத்தல் அரிதன்று. அங்ஙனம் உரைப்பின், பயன் நீங்கிய இடத்தும் பெயர் தன் பொருளை ஒருவாறு பெறும்.