சுவரேறிய போர்வைகள்: ஜீஸ் பென்ட் பெண்களின் கலை பற்றிச் சில குறிப்புக்கள்

2002ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நியூயோர்க் நகரத்து விற்னி அமெரிக்கக் கலை நூதனசாலையின் சுவர்களிலே, அலபாமா மாநிலத்தின் ஒரு மூலையில் வாழ்ந்த கறுப்பினக் கமக்காரப் பெண்கள் தைத்த போர்வைகள் தொங்கவிடப்பட்டிருந்தன. அவ்வாண்டே ஹியூஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் ஆரம்பித்து நியூயோர்க்கை வந்தடைந்த கண்காட்சி அது. 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையின் கலை விமர்சகர் மைக்கல் கிம்மெல்மன், அமெரிக்கா தோற்றுவித்த நவீன கலைப் படைப்புக்களுள் மிக வியக்கத்தக்கவற்றின் வரிசையில் வைத்து இப்போர்வைகளைப் பேசினார். மற்றீஸ், போல் கிளே ஆகிய ஓவியர்களின் பெயர்களும் அவரது மதிப்புரையிலே துணைக்கு அழைக்கப்பட்டன. குளிருக்குப் போர்த்திக் கிழிந்தபின் கழிக்கப்பட்ட ஒரு பொருள் கலையாகச் சுவரேறிவிட்டது. இவ்வேற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும், எதனைக் கண்டு பாராட்டினர், எதனைக் காணாது விட்டனர் என்ற வினாவை அழகியலில் அக்கறையுடையோர் எழுப்பாதிருத்தல் இயலாது.

ஆங்கிலத்தில் 'குவில்ற்' எனப்படும் இப்போர்வை மூன்று படைகளால் ஆனது. துண்டுத் துணிகளை இணைத்து அமைத்த மேல்முகம் ஒன்று, நடுவே பஞ்சு, கீழே முதுகுத்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே அவற்றை ஒன்றாகப் பிணைக்கிறது. ஜீஸ் பென்ட்டிலே பஞ்சு பெரும்பாலும் பருத்தி அரைக்கும் ஆலைத் தரையிற் கூட்டியெடுக்கப்பட்டு, தடியால் அடித்துத் தூசு போக்கப்பட்டது. மாச்சாக்கும் சீனிச்சாக்கும் பசளைச்சாக்கும் முதுகுத்துணியாயின. மேல்முகத்தை அமைப்பது தனியொருத்தியின் வேலை. மூன்று படைகளையும் சேர்த்துத் தைப்பதோ அயற்பெண்கள் கூடிச் செய்த வேலை. ஆகவே ஒரு போர்வையிலே தனியாளின் தீர்மானமும் கூட்டுழைப்பும் வெவ்வேறு கட்டங்களில் இயங்குகின்றன. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாது இதனை வெறுமனே 'கூட்டுக் கலை' என்றோ 'தனிமேதையின் ஆக்கம்' என்றோ கூறுவது பிழையாகும்.

போர்வைகள் சுவரேறியமை 2002இல் நிகழ்ந்த புதுமையன்று. இதே விற்னி நூதனசாலையில் 1971ஆம் ஆண்டு ஜோனதன் ஹோல்ஸ்ரைன், கெயில் வான் டெர் ஹூவ் ஆகிய இருவரும் சேகரித்த போர்வைகள், 'அமெரிக்கப் போர்வைகளில் அருவ அமைப்பு' என்ற பொருள்பட்ட தலைப்பிலே காட்சிக்கு வைக்கப்பட்டன. கட்டிலில் விரிக்கப்பட்டவற்றை ஓவியங்களைப் போல நிமிர்த்தி, வெற்றுச் சுவரிலே தள்ளி நின்று பார்க்கச் செய்ததன் மூலம் அக்காட்சி ஒரு புதிய பார்வையைப் பழக்கிற்று. அதே வேளையில், நவீன ஓவியத்தை ஒத்திருந்தவையே தெரிவில் முதன்மை பெற்றன. 1973இல் பற்றிசியா மெயினார்டி என்ற கலை வரலாற்றாசிரியர் இதனைக் கடுமையாகச் சாடினார். பெண்கள் தமக்கெனத் தமது அளவுகோல்களோடு வளர்த்த ஒரு கலையை, பிற்காலத்து ஆண் ஓவியர்களின் கண்கொண்டு அளந்து, அவர்களைப் போன்றிருந்தமைக்காகப் பாராட்டுவது எவ்வாறு பொருந்தும் என்பதே அவரது வாதத்தின் சாரம். முப்பத்தொரு ஆண்டுகளின் பின்னர் ஜீஸ் பென்ட் போர்வைகளுக்குக் கிடைத்த பாராட்டிலும் இச்சிக்கல் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. ஒரு வேறுபாடு உண்டு: இம்முறை ஒவ்வொரு போர்வையின் அருகிலும் தைத்தவளின் பெயர் இருந்தது. அது சிறிய வேறுபாடன்று.

ஜீஸ் பென்ட் என்பது அலபாமா ஆறு மூன்று புறமும் வளைத்தோடும் நிலப்பகுதி. 1816இல் ஜோசப் ஜீ என்பவன் அங்கே பருத்தித் தோட்டத்தை நிறுவினான். பின்னர் அது மார்க் பெற்வே என்பவனின் கைக்கு மாறியபோது, வட கரோலினாவிலிருந்து நூறு பேரளவில் அடிமைகள் கால்நடையாக அங்கு கொண்டுவரப்பட்டனர். இன்றும் அவ்வூரிற் பலருக்குப் பெற்வே என்பதே குடும்பப் பெயர். உடைமையாளனின் பெயர் உடைமையாக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களிடம் எஞ்சியிருக்கிறது. 1932இல், கடன் கொடுத்த வர்த்தகன் இறந்ததும், அவன் குடும்பத்தினர் உழவுகருவி, கால்நடை, தானியம் யாவற்றையும் அள்ளிச் சென்றனர். 1937இல் ஆதர் றொத்ஸ்ரைன் எடுத்த புகைப்படங்களிலே, குளிர் புகாதிருக்கப் பத்திரிகைத் தாள்கள் ஒட்டப்பட்ட மரச்சுவர்களைக் காணலாம். அத்தகைய வீட்டிலே போர்வை அலங்காரப் பொருளாக இருந்திருக்க முடியாது.

இவ்வரலாற்றை அறிந்ததும் வேறொரு பிழைக்கு இடமுண்டு. போர்வைகளை வறுமையின் சான்றாவணங்களாக மட்டும் வாசித்துவிடும் பிழை அது. ஈழத்துத் தமிழ் விமர்சனம் உருவம், உள்ளடக்கம் என இரு பாசறை பிரித்து நெடுங்காலம் வாதிட்டமையை அறிந்தோர்க்கு, இவ்விரு பிழைகளும் பழகிய முகங்களாகவே தோன்றும். ஒரு சாரார் வர்ணத்தையும் கோட்டையும் கண்டு, கையை மறக்கின்றனர். மறுசாரார் கையிலுள்ள காய்ப்பைக் கண்டு, அக்கை என்ன செய்தது என்று பார்க்க மறுக்கின்றனர். இப்போர்வைகளை உற்றுநோக்கின் இப்பிரிவினை நிலைக்காது.

மிசூரி பெற்வே 1942இல் தைத்த போர்வையை எடுத்துக்கொள்ளலாம். அது இன்று வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் உள்ளது. கணவன் இறந்தபின் அவன் வயலுக்கு அணிந்த உடைகளைப் பிரித்து, அவனை நினைந்து, அதன்கீழ் உறங்குவதற்கென அவள் அதனைத் தைத்ததாக மகள் அர்லொன்சியா பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். நீளவாக்கில் அமைந்த கட்டங்களும் பட்டைகளுமே அதன் அமைப்பு. வெயிலிலும் சலவையிலும் வெளிறிய நீலங்களும் பழுப்புக்களுமே பெரும்பாலான வர்ணங்கள். இக்கதையை அறியாதவரும் அதன் அமைதியை உணர்வர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வமைதியைத் தருவது எது? எந்தச் சாயத்தொட்டியிலும் பெறமுடியாத அந்த வெளிறலே. ஒரு மனிதன் ஆண்டுக்கணக்கில் வயலிற் குனிந்து நிமிர்ந்ததனால் வந்த வர்ணம் அது. வேலையுடைகளாற் செய்த இத்தகைய போர்வைகளிலே முழங்கால் தேய்ந்த இடம் வெண்ணீலமாகவும், சட்டைப்பை அகற்றப்பட்ட இடம் வெயில் படாத கருநீலமாகவும் தெரிவதுண்டு. அக்கருநீலச் சதுரத்தை ஓவியன் ஒருவன் தீட்டியிருந்தால் அதனை வர்ணச் சமநிலைக்கான உத்தி எனக் கூறியிருப்பர். இங்கும் அது உத்தியே; தைத்தவள் அதனை மடித்து மறைத்திருக்கலாம், வெட்டியெறிந்திருக்கலாம். அவள் அதனை அவ்விடத்தில் இருக்கவிட்டாள். உழைப்பின் வடு என்ற உள்ளடக்கமும் நிறவேறுபாடு என்ற உருவமும் இங்கே ஒரே துணித்துண்டாக உள்ளன.

கண்காட்சிக்கு வித்திட்டதாகக் கூறப்படுவது அன்னி மே யங் என்பவரின் போர்வையாகும். றோலண்ட் ஃபிறீமன் எடுத்த புகைப்படமொன்றில், விறகுக் குவியலின்மேல் விரிக்கப்பட்டிருந்த அவரது போர்வையைக் கண்ட சேகரிப்பாளர் வில்லியம் ஆர்னெற் அவரைத் தேடிச் சென்றார். யங் 1976இல் தைத்த போர்வையொன்று இன்று நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் இருக்கின்றது. நடுவே சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் எனக் கனலும் பட்டைகள். சுற்றிலும் பழைய டெனிம் துணியின் அகன்ற நீலப்பரப்பு. பட்டைகள் ஒரே அகலத்தன அல்ல. விளிம்புகள் அளவுகோலை மதிப்பனவுமல்ல. ஆயினும் அந்த நடுப்பகுதியைச் சிறிதேனும் பெரிதாக்கினால் நீலம் வெறும் சட்டமாகிவிடும். சிறிதாக்கினால் கனல் அவிந்துவிடும். இது கண்ணால் அளந்து கண்ட விகிதம். கல்வி பெறாத கையின் 'தற்செயல் அழகு' என இதனைப் பேசுவோர் உண்டு. தற்செயல் ஒருமுறை நிகழும். ஓர் ஊரிற் பல பெண்கள், தலைமுறை தலைமுறையாக, போர்வைக்குப் போர்வை அதனை நிகழ்த்திக்காட்டுவதில்லை.

ஊருக்குரிய மரபு வடிவங்கள் இருந்தன. 'வீட்டுக்கூரை' எனப் பொருள்படும் பெயருடைய அமைப்பிலே சதுரத்தைச் சுற்றிச் சதுரமாகப் பட்டைகள் விரிந்து செல்லும். பட்டைகளை வரிசையாக அடுக்கும் எளிய அமைப்புக்கோ 'சோம்பற்பெண்' என்று பெயர். இப்பெயரிலுள்ள ஏளனத்தை எண்ணுகையில் லொறெற்றா பெற்வே நினைவுக்கு வருகிறார். ஏறக்குறைய 1965இல் அவர் தைத்த 'சோம்பற்பெண்' போர்வை, இக்கண்காட்சியின் மிகச் சிறந்த படைப்புக்களுள் ஒன்று எனத் துணிந்து கூறலாம். பட்டைகளைத் தவிர வேறெதுவும் அதில் இல்லை. அகலங்களின் ஏற்றத்தாழ்வே அதன் முழு மொழி. தமக்குத் தைப்பதில் விருப்பமே இருந்ததில்லையென்றும், தேவையே தைக்கச் செய்ததென்றும் அவர் கூறியுள்ளார். படைப்பின் ஆனந்தம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் அழகியலாளர் இவ்வாக்குமூலத்தை எங்கே வைப்பர்? கலை உருவாவதற்கு ஓய்வு வேண்டும், விருப்பம் வேண்டும் என்ற கருத்தை இப்பெண்ணின் ஒரு போர்வை கேள்விக்குள்ளாக்குகிறது. அதனால் வறுமை கலையை வளர்க்கும் என்றாகிவிடாது. அவருக்கு ஓய்வும் இருந்திருப்பின் எதைச் செய்திருப்பார் என்பதை எவராலும் கூறமுடியாது.

சந்தையின் தலையீடும் ஈண்டு நோக்கத்தக்கது. குடியுரிமைப் போராட்டம் உச்சமடைந்த காலத்தில் ஆற்றைக் கடந்து நகருக்குச் செல்லும் படகுச்சேவை 1962இல் நிறுத்தப்பட்டது. 2006இலேதான் மீண்டும் தொடங்கிற்று. 1965இல் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்தார். 1966இல் அப்பகுதிப் பெண்கள் 'ஃபிறீடம் குவில்ற்றிங் பீ' என்னும் கூட்டுறவை நிறுவினர். பெருநகர் அங்காடிகள் அவர்களிடம் வேண்டியது ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே தையல். வருமானம் வந்தது, ஆனால் அக்கலையின் உயிர்ப்பாக இருந்த அந்தச் சுதந்திரமான கோணல் குற்றமாகிற்று. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கோடுறோய்த் துணியிலே தலையணையுறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. ஒன்றுபோல் ஒன்றாக உறைகள் தைத்தபின் எஞ்சிய துண்டுகள் வீடுகளுக்குச் சென்றன. அத்தடித்த துணி நுண்ணிய வடிவங்களுக்கு இணங்காதது. ஆகவே பெண்கள் அகன்ற பட்டைகளிலும் பெரிய கட்டங்களிலும் அதனைக் கையாண்டனர். பொன்மஞ்சள், இலைப்பச்சை, செம்மஞ்சள் என அக்காலப் பெருவிற்பனை வர்ணங்கள் இவ்வாறு தொழிற்சாலை ஒழுங்கிலிருந்து விடுபட்டு எழுபதுகளின் மிகத் துணிச்சலான சில போர்வைகளாயின. பகலில் கட்டளைக்குத் தைத்த கை, மிச்சத் துணியில் தன் விருப்புக்குத் தைத்தது. அக்கூட்டுறவு 2012இல் மூடப்பட்டது.

2006இல் பத்துப் போர்வைகளின் உருவங்கள் அமெரிக்க அஞ்சல் முத்திரைகளாயின. தரைவிரிப்புக்களிலும் வேறு பாவனைப் பொருள்களிலும் இவ்வடிவங்கள் விற்பனைக்கு வந்தன. 2007இல் அன்னி மே யங், லொறெற்றா பெற்வே உட்பட மூவர், தமக்குரிய பங்கு கிடைக்கவில்லையென ஆர்னெற் குடும்பத்தினருக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். வழக்குகள் மறுவாண்டு இணக்கத்தில் முடிந்தன. யார் பக்கம் நியாயம் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் மற்றீஸுடன் ஒப்பிடப்பட்ட கலைஞர்கள் நீதிமன்றப் படியேறினர் என்ற செய்தி, அழகியற் பாராட்டுக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான தூரத்தைக் காட்டுகிறது.

இவ்வளவும் கூறியபின், சுவரேற்றியமை தவறா என வினவலாம். தவறன்று. கட்டிலில் மடிந்து கிடந்தால் அன்னி மே யங்கின் நீலப்பரப்பை எவரும் முழுமையாகக் கண்டிருக்கமாட்டார். உண்மையில் அவ்வூர்ப் பெண்களும் சுவரை அறியாதவரல்லர்; வேலியிலும் கொடியிலும் போர்வைகளைக் காயவிட்டு, ஒருவர் அமைப்பை மற்றவர் பார்த்துப் பழகியவர்களே அவர்கள். நூதனசாலைக்கு முன்னரே அவ்வூரிற் கண்காட்சியும் விமர்சனமும் இருந்தன. ஒருத்தியின் அமைப்பைக் கண்டு மற்றொருத்தி வீடு சென்று அதனை மாற்றித் தைத்தபோது, அம்மாற்றமே அவளது விமர்சனமாயிற்று.

எனினும் சுவர் ஒன்றை மறைக்கிறது. ஓவியத்தின் பின்புறத்தை எவரும் கேட்பதில்லை. போர்வைக்கோ பின்புறம் உண்டு, உடலைத் தொட்டது அதுவே. மேல்முகத்தின் பட்டைகளைப் பொருட்படுத்தாது, கையெட்டும் தூரத்துக்கு வளைவு வளைவாகச் செல்லும் தையல் வரிகளை அங்கேதான் தெளிவாகக் காணலாம். அவ்வரிகளிற் சில நெருங்கியும் சில ஐதாகியும், ஒரே போர்வையில் இருந்து தைத்த வெவ்வேறு பெண்களின் கைவேறுபாட்டைக் காட்டி நிற்கும். கண்காட்சிப் பெயரட்டையில் மேல்முகத்தை அமைத்தவளின் பெயர் மட்டுமே உண்டு.