மன்ஜனீக்கும் மதிலும்

மன்ஜனீக் என்னும் சொல் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. தாயிஃப் முற்றுகையைக் கூறும் சீறா நூல்களில் அதனைக் கண்டிருக்கிறோம். ஆயினும் அந்தக் கல்லெறி பொறி கோட்டைகளின் அமைப்பை எந்த அளவுக்கு மாற்றியது என்னும் வினாவை நாம் அதிகம் எழுப்பியதில்லை.

இவ்வினாவுக்குத் திட்டவட்டமான விடை தந்தவர் ஆய்வாளர் பால் செவெடன். திமிஷ்க் கோட்டை குறித்து 1986இல் அவர் அளித்த ஆய்வேடும் பின்னைய கட்டுரைகளும் ஒரு கருத்தை வலியுறுத்துகின்றன. ஆள்கள் கயிறிழுத்து இயக்கிய பழைய மன்ஜனீக்குக்குப் பின், கனத்த எடை தாழ்வதால் இயங்கும் புதிய மன்ஜனீக் வந்தது. அதன் அடியைத் தாங்கவும், அதனையே உச்சியில் நிறுத்திப் பகைவரைத் தாக்கவும் கொத்தளங்கள் பருத்தன என்கிறார் அவர்.

சான்றுகள் வலுவானவையே. கெய்ரோவில் 1176இல் சுல்தான் ஸலாஹுத்தீன் தொடங்கிய கோட்டையில் சிறிய அரைவட்டக் கொத்தளங்களே மிகுதி. அவர்தம் சகோதரர் அல்-ஆதிலின் ஆட்சியில், 1207ஐ ஒட்டி, பெரிய சதுரக் கொத்தளங்கள் எழுந்தன. திமிஷ்கிலும் அவர் 1203 அளவில் பழைய ஸல்ஜூக் கோட்டையைச் சூழ்ந்து பெருங்கொத்தளங்களை எழுப்பத் தொடங்கினார்.

எனினும் இவ்விடையை முழுமையாக ஏற்க நம்மால் இயலவில்லை. ஸலாஹுத்தீனுக்காக மர்ளீ அத்தர்ஸூஸீ எழுதிய போர்க்கருவி நூலில் எடையால் இயங்கும் மன்ஜனீக்கின் விளக்கமும் படமும் உள்ளன. ஆக, பொறி முன்னரே அறியப்பட்டிருந்தது. அறிவது வேறு, அதற்கேற்பக் கல் அடுக்கும் செல்வமும் ஆட்சி உறுதியும் வாய்ப்பது வேறு. திமிஷ்கில் ஐயூபிய இளவரசர்கள் ஆளுக்கொரு கொத்தளத்தின் செலவை ஏற்க வேண்டியிருந்தது என்னும் செய்தி இங்குக் கருதத்தக்கது. அக்கொத்தளங்களின் பருமனில் அரசியலும் கலந்திருக்கிறது.

மேலும், மதில்களை வீழ்த்தியதில் மன்ஜனீக்கைவிடச் சுரங்கத்தின் பங்கே பெரிது. 1179இல் பைத்துல் அஹ்ஸான் கோட்டை ஸலாஹுத்தீனின் கைக்கு வந்தது சுரங்கத்தாலேயே. 1285இல் அல்-மர்கபின் தென்கொத்தளத்தைச் சரித்ததும் சுல்தான் கலாவூனின் சுரங்கமே. ஹிஸ்னுல் அக்ராதின் தென்புறத்தில் காணும் பெருஞ்சரிவான அடித்தளத்தை, மேலிருந்து விழும் கல்லை மட்டும் எண்ணி விளக்கிவிட முடியாது. கீழிருந்து அகழும் கடப்பாரையையும் எண்ண வேண்டும். மைக்கேல் ஃபுல்டன் 2018இல் வெளியிட்ட நூலும் அக்காலப் பொறிகளின் ஆற்றல் மிகைப்படுத்தப்பட்டுள்ளது என்றே வாதிடுகிறது.

செவெடனின் கருத்து நமக்கு இனிப்பது இயல்பு. சிலுவைப் போராளிகளிடமே முஸ்லிம்கள் கோட்டைக் கலையைக் கற்றனர் என்ற பழைய கூற்றுக்கு அது நல்ல மறுப்பு. ஆனால் இனிக்கும் கருத்தையே கூடுதலாகச் சோதிக்க வேண்டும். தர்ஸூஸீயின் கையெழுத்துப் படி ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது; அதன் பகுதிகளைப் பதிப்பித்தவர் பிரெஞ்சு அறிஞர் குளோத் காஹன். முன்னோரின் பெருமையைப் பேசும் நாம், அவர்கள் எழுதியதைப் படிக்கும் உழைப்பையும் ஏற்பதே முறை.