மூன்று நிமிடத்துக்குள் ஒரு நடனக்கூடம்

ஜாஸின் தொடக்க வரலாற்றை நாம் இசைத்தட்டுகளைக் கொண்டே எழுதிவந்திருக்கிறோம். அந்தத் தட்டுகளோ பாதிச் சாட்சிகள். நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் பேரெடுத்த கார்னெட் கலைஞர் பட்டி போல்டனின் வாசிப்பு ஒரு தட்டில்கூட நமக்குக் கிடைக்கவில்லை. 1917 பிப்ரவரியில் விக்டர் நிறுவனத்துக்காக நியூயார்க்கில் முதல் ஜாஸ் தட்டை வாசித்தவர்கள் 'ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்' என்ற வெள்ளையர் ஐவர். கறுப்பின மக்கள் வளர்த்த இசை, அவர்கள் கையில் இல்லாமலே கடைக்கு வந்தது. அந்த அநீதியை மறந்துவிட்டு இந்தத் தட்டுகளைக் கேட்க என்னால் முடிவதில்லை.

அதைச் சற்றேனும் ஈடுசெய்த ஊர் இண்டியானாவின் ரிச்மண்ட். ஸ்டார் பியானோ ஆலையின் ஜெனட் நிறுவனம் அங்கே, ரயில் பாதையை ஒட்டி, ஓர் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தது. ரயில் வந்தால் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். 1923 ஏப்ரலில் சிகாகோவிலிருந்து கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் அங்கு போயிற்று. அப்போது மைக் கிடையாது. எல்லோரும் ஒரு பெரிய கூம்பைப் பார்த்து வாசிப்பார்கள். அதன் மறுமுனையில் ஊசி மெழுகைக் கீறும். பேபி டாட்ஸின் பெரிய டிரம் அதற்கு ஒத்துவராததால் மரக்கட்டைத் தட்டலே நமக்குக் கேட்கிறது. இரண்டாம் கார்னெட் வாசித்த 21 வயது லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஒலி ஆலிவரை விழுங்கிவிடுகிறது என்று அவரைத் தள்ளி நிறுத்தியதாகப் பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் சொன்னார்.

இந்தக் குழுவின் 'டிப்பர்மவுத் ப்ளூஸ்' இரு நிறுவனங்களுக்காகப் பதிவானது: ஏப்ரலில் ஜெனட், ஜூனில் ஓகே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். ஆலிவரின் புகழ்பெற்ற தனிவாசிப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான். அந்தக் கணத்தில் தோன்றியதை வாசிப்பதே ஜாஸ் என்று நம்புகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆடுகிறவர்களுக்காக இரவுதோறும் வாசித்துத் தேய்த்து மெருகேறிய வடிவம் அது. ஈராண்டு கழித்து பிளெட்சர் ஹெண்டர்சன் குழு அதே பாட்டை 'சுகர் ஃபுட் ஸ்டாம்ப்' என்ற பெயரில் பதிவுசெய்தபோது, ஆர்ம்ஸ்ட்ராங் தம் குருவின் வாசிப்பையே எடுத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சுரங்கள் அவர் மூச்சில் இன்னும் விரிந்து நின்றன. நியூயார்க்கின் ரோஸ்லேண்ட் நடனக்கூடத்தில் வாசித்த அந்தக் குழுவுக்கு டான் ரெட்மன் இசைக்கோவை எழுதினார். பித்தளைக் கருவிகள் கேட்க, நாணல் கருவிகள் பதில் சொல்லும் அவர் பாணிதான் பிற்காலப் பெரிய குழுக்களுக்கு இலக்கணமாயிற்று.

1925இல் மின்முறைப் பதிவு வந்தது. தாழ்ந்த ஒலிகளுக்கு உயிர் வந்தது. அதை முழுதாகப் பயன்படுத்தியவர் ஜெல்லி ரோல் மார்ட்டன் என்பது என் தீர்ப்பு. பத்தங்குலத் தட்டின் மூன்று நிமிடத்தை மற்றவர்கள் முட்டுக்கட்டையாகப் பார்த்தபோது, அவர் அதையே கட்டுமானத்தின் அளவுகோலாக்கினார். 1926 செப்டம்பரில் சிகாகோவில் பதிவான 'பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்'பில் கிளாரினெட், பியானோ, கார்னெட், பாஞ்ஜோ என ஒவ்வொன்றும் தன் முறைக்கு வருகிறது. குழு திடீரென அடங்கி ஒற்றைக் கருவிக்கு வழிவிடுகிறது. ஜான் லிண்ட்சேயின் பாஸ் தந்திகள் அறைந்து துள்ளுகின்றன. கடைசிச் சுற்றில் எல்லோரும் சேரும்போது தட்டு கொள்ளாத அளவுக்கு இசை நிரம்பிவிடுகிறது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் 'ஹாட் ஃபைவ்' தட்டுகளைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. அது பெரும்பாலும் பதிவுக்கூடத்துக்கென்றே கூடிய குழு என்பதை மட்டும் நினைவில் கொள்ளலாம்.

சிகாகோவையும் நியூயார்க்கையும் சுற்றியே பேசுவதில் கான்சாஸ் சிட்டி விடுபட்டுப்போகிறது. அந்த ஊரின் பென்னி மோட்டன் குழுவின் 1920களின் தட்டுகளில் டியூபா கனத்து நடக்கிறது. 1932 டிசம்பர் 13 அன்று நியூஜெர்சியின் கேம்டனில் விக்டருக்காக அவர்கள் பதிவுசெய்த 'மோட்டன் ஸ்விங்'கில் டியூபா இல்லை. வால்டர் பேஜின் தந்தி பாஸ் நான்கு அடிகளையும் சமமாக வைத்து நடக்க, குழு முழுவதும் இலேசாகிவிடுகிறது. பியானோவில் இருந்தவர் பில் பேஸி. பெருமந்தத்தில் தட்டு வாங்க ஆளில்லாத ஆண்டு அது. 1935இல் மோட்டன் இறந்தபின் பேஜ் உட்படப் பலரைச் சேர்த்துக்கொண்டு பேஸி தம் குழுவைத் தொடங்கினார்.