தீ மூட்டாத நாளின் சமையல்

கோவில்பட்டி தீப்பெட்டியின் ஊர். இவ்வூரில் இருந்துகொண்டு, வாரத்தில் ஒரு நாள் வீட்டில் தீ மூட்டலாகாது என்ற கட்டளைக்குக் கட்டுப்பட்ட மக்களின் சமையல் நூல்களைப் படிப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. விடுதலைப் பயண நூலின் 35ஆம் அதிகாரத்தில் வரும் அந்தக் கட்டளையைக் குருமடத்தில் நாமும் படித்தோம். ஓய்வுநாளின் இறையியலைப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால், தீ மூட்டாத அந்த நாளில் அவர்கள் எதைத்தான் உண்டார்கள் என்று வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை. விடையைச் சமையல் நூல்களில்தான் கண்டோம், அதுவும் தலை நரைத்த பிறகு.

சமையல் நூலுக்கு இலக்கிய ஏட்டில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். கரிசல்காட்டு வாசகர் அப்படிக் கேட்கமாட்டார் என்று நம்புகிறோம். இடைசெவல் கி. ராஜநாராயணன் நம் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்தவர். கம்மங்கஞ்சியும் வெஞ்சனமும் இலக்கியத்துக்குள் வரலாம் என்பதை நாம் அவரிடம் கற்று நெடுநாளாயிற்று. யூதர்களின் உணவு பற்றிய நூல்களை இலக்கியமாகவே படித்தோம். அவற்றுள் நம் நெஞ்சில் நின்ற மூன்றைப் பற்றி இங்கே சொல்லுகிறோம். மூன்றும் ஆங்கில நூல்கள். தலைப்புகளை நாமே தமிழாக்கித் தருகிறோம்.

முதலாவது, கிளாடியா ரோடன் எழுதிய ‘யூத உணவு நூல்’ (1996). ஆசிரியர் கெய்ரோவில் 1936இல் பிறந்தவர். சூயஸ் போருக்குப் பின் எகிப்திலிருந்து யூதக் குடும்பங்கள் பெருமளவில் வெளியேறின. அப்போது இலண்டனில் கூடியவர்கள், இனி யார் எங்கே போய்ச் சேர்வாரோ என்ற நிலையில், ஒருவர்க்கொருவர் செய்முறைகளைச் சொல்லி எழுதிக்கொண்டார்களாம். வீடு போயிற்று, கடை போயிற்று. கைப்பக்குவம் மட்டும் எஞ்சியது. அப்படித் தொடங்கிய சேகரம் வளர்ந்து வளர்ந்து, எண்ணூறுக்கும் மேற்பட்ட செய்முறைகளைக் கொண்ட இப்பெருநூலாக நிற்கிறது. ஒவ்வோர் உணவுக்கும் முன்னால் அது எந்த ஊரினது, யார் சொன்னது என்ற கதை வருகிறது. பல இடங்களில் நாம் கதையைப் படித்துவிட்டுச் செய்முறையைத் தாண்டிப் போனோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

விழாப் பக்கங்கள் அழகானவை. பாஸ்கா இரவில் வைக்கப்படும் ‘ஹரோசெத்’ என்னும் இனிப்புக் கூழ், எகிப்தில் அடிமைகளாய் இருந்த மக்கள் செங்கலுக்குக் குழைத்த சேற்றின் நினைவு. ஒரு நாட்டார் அதை ஆப்பிளும் வாதுமையும் கொண்டு செய்வார்கள். வேறொரு நாட்டார் பேரீச்சம்பழத்தால் செய்வார்கள். அந்தந்த மண்ணில் விளைவதைக் கொண்டு ஒரே அடிமைத்தனத்தை நினைவுகூர்வது நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் புனித வியாழன் இரவில் வீட்டிலேயே புளியாத ‘பெசஹா அப்பம்’ செய்து, குடும்பத் தலைவர் பிட்டுக் கொடுக்க உண்பதை வாசகர் அறிந்திருப்பீர்கள். அதையும் இந்தப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

ஆயினும் இந்நூலின் உயிர் விழாவில் இல்லை என்பது நம் கருத்து. அது வெள்ளி மாலை அடுப்பில் இருக்கிறது. கதிரவன் மறைந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதன்பின் தீ மூட்டலாகாது. எனவே அதற்குமுன் ஒரு கனத்த சட்டியில் இறைச்சி, பயறு, தானியம், கிழங்கு என்று கிடைத்ததை இட்டு மூடி, தணலில் இரவெல்லாம் விட்டுவிடுவார்கள். மறுநாள் தொழுகை முடிந்து வீடு திரும்பினால் சுடச்சுட உணவு காத்திருக்கும். கிழக்கு ஐரோப்பாவில் இதற்குச் ‘சோலென்ட்’ என்று பெயர், மொரோக்கோவில் ‘தஃபினா’, ஈராக்கில், கோழிக்குள் அரிசியைத் திணித்து வேகவிடும் ‘த்பீத்’. வீட்டில் தணல் காக்க இயலாத ஏழைகள் தங்கள் சட்டிகளை ஊர் ரொட்டிக்காரரின் அடுப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். பெயர் மாறியது, சரக்கு மாறியது, சட்டம் மாறவில்லை. சட்டத்தை நாம் எப்போதும் தடையாகவே பார்த்துப் பழகியவர்கள். ஒரு தடையிலிருந்து இத்தனை சுவைகள் பிறந்திருப்பதைக் காணும்போது, நம் பழைய மறைக்கல்விப் பாடங்களைக் கொஞ்சம் திருத்தி எழுதத் தோன்றுகிறது.

இரண்டாவது நூல் நம் நாட்டது. அகமதாபாத்தைச் சேர்ந்த எஸ்தர் டேவிட் 2021இல் வெளியிட்ட ‘பெனே அப்பெத்தி’, இந்திய யூதர்களின் ஐந்து பிரிவினரையும் அவர்கள் ஊர்களுக்கே சென்று கண்டு எழுதியது. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரயேலர், கொச்சியினர், கொல்கத்தாவின் பாக்தாதியர், மணிப்பூர் மிசோரத்துப் பெனே மெனாஷே, ஆந்திரத்துப் பெனே எப்ராயிம் என ஐவரும் வருகிறார்கள். பெனே இஸ்ரயேலருக்குப் பழைய நாளில் ‘சனிக்கிழமைச் செக்கார்’ என்று பெயர். செக்காட்டிப் பிழைத்தவர்கள், சனிக்கிழமையன்று மட்டும் செக்கை நிறுத்திவிடுவார்கள். சுற்றியிருந்த ஊர்மக்கள் அவர்களை அறிந்துகொண்டது வேதநூலால் அன்று, ஓடாத செக்கால். நல்லெண்ணெய் மணக்கும் நம் பகுதியில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க இன்பமாக இருக்கிறது. இறைவாக்கினர் எலியாவை நினைத்து அவலும் தேங்காயும் இனிப்பும் கனிகளும் சேர்த்து அவர்கள் படைக்கும் ‘மலிதா’வும் நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

‘குட்டியை அதன் தாயின் பாலில் வேகவைக்காதே’ என்ற கட்டளை திருச்சட்டத்தில் மூன்று முறை வருகிறது. அதனால் அவர்கள் இறைச்சியோடு பாலோ தயிரோ வெண்ணெயோ சேர்ப்பதில்லை. கொச்சியின் யூதப் பெண்களுக்கு அந்த இடத்தில் தேங்காய்ப்பால் கைகொடுத்தது. சட்டமும் நின்றது, குழம்பும் கெட்டியாயிற்று! 1950களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். 1568இல் எழுந்த மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடத்தைக் காணப் பயணிகள் வருகிறார்கள், சமைக்கிறவர்கள் இல்லை.

இந்த நூலின் மீது நமக்கு ஒரு குறை உண்டு. ஐந்து பிரிவினரும் ஒரே நூலுக்குள் அடங்க வேண்டியிருப்பதால், ஓர் ஊரில் சற்று உட்காரலாம் என்று நினைக்கும்போதே அடுத்த ஊருக்கு வண்டி கிளம்பிவிடுகிறது. குண்டூர்ப் பக்கத்துப் பெனே எப்ராயிம் மக்களைப் பற்றி இன்னும் அறிய விரும்பினோம். அவர்களுடையதும் கரிசலும் மிளகாயும் உள்ள சீமை. சாதியின் அடித்தட்டில் வைக்கப்பட்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். இதே ஆசிரியரின் ‘ராகேலின் நூல்’ என்ற நாவல் (2006) இந்த வகையில் நிறைவானது. அலிபாக் அருகே ஒரு சிற்றூர். எல்லாரும் இஸ்ரயேலுக்குப் போய்விட, எஞ்சியிருக்கும் யூதப் பெண் ஒருத்தி மட்டும் பூட்டிக் கிடக்கும் தொழுகைக்கூடத்தைக் காத்து நிற்கிறாள். ஒவ்வோர் அதிகாரமும் ஒரு சமையல் குறிப்போடு தொடங்குகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஒருத்திக்காக மட்டும் அடுப்பு மூட்டும் தாய்மாரை நம் பங்கிலும் பார்க்கிறோம். இந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி 2010இல் பரிசளித்தது. சமையல் நூல் சொல்லாத அன்றாடத்தை நாவல் சொல்லிவிட்டது.

மூன்றாவது நூலைத்தான் நாம் எளிதில் படித்து முடிக்க முடியவில்லை. டேவிட் கிட்லிட்சும் அவர் துணைவியார் லிண்டா கே டேவிட்சனும் 1999இல் எழுதிய ‘தேன் தூறல்’ அது. இசுபானியாவில் கட்டாயத்தாலோ அச்சத்தாலோ திருமுழுக்குப் பெற்று, வீட்டுக்குள் மறைவாகப் பழைய வழக்கங்களைக் காத்த யூதர்களின் உணவைப் பற்றியது. இதற்கு மூலமாக எந்தப் பாட்டியின் குறிப்பேடும் இல்லை. மூலம், நம் திருச்சபையின் விசாரணை மன்றங்களில் எழுதிவைக்கப்பட்ட சாட்சியங்கள்.

திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துவின் ஆணை 1478இல் வந்தது. அதன்பின் ஊர் ஊராகக் கோவில்களில் ஒரு பட்டியல் வாசிக்கப்பட்டது: வெள்ளி மாலையில் தூய ஆடை விரிப்பவர் யார், விளக்கேற்றுபவர் யார், இறைச்சியிலிருந்து கொழுப்பை நீக்குபவர் யார், சனிக்கிழமைக்கான உணவை வெள்ளியன்றே சமைப்பவர் யார்? அறிந்தவர் சொல்லியாக வேண்டும், சொல்லாதவருக்குச் சபைநீக்கம். வீட்டு வேலைக்காரப் பெண்கள் சாட்சிகளானார்கள். சட்டிக்குள் ஆட்டிறைச்சியும் கொண்டைக்கடலையும் முட்டையும் இருந்தன என்று ஒருத்தி சொன்ன சொல், எசமானியைத் தீக்குக் கொண்டுபோகப் போதுமானதாயிற்று. பன்றிக் கொழுப்புக்குப் பதில் எண்ணெயில் தாளித்தால் சந்தேகம். கத்தரிக்காயை விரும்பி உண்டாலும் சந்தேகம். அது யூதரும் முகமதியரும் உண்பது என்று பெயரெடுத்திருந்தது.

அக்காலத்து வரலாற்றாசிரியர் ஆந்த்ரேஸ் பெர்னால்தெஸ், இம்மக்கள் இறைச்சியை எண்ணெயில் சமைப்பதையும், வெங்காயமும் பூண்டும் வதக்குவதையும், அதனால் அவர்கள் வீட்டு வாசலே நாறுவதையும் அருவருப்போடு எழுதி வைத்தார். அவர் செவில் அருகே லோஸ் பலாசியோஸ் என்ற ஊரின் பங்குக் குரு. இதை அறிந்தபோது நூலை மூடிவைத்தோம். பங்குக் குருவுக்கு வீடுகளின் வாசனை தெரியும். வீடு மந்திரிக்கப் போகிறோம், நோயில் பூசுதலுக்குப் போகிறோம். எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்று வாசலிலேயே தெரிந்துவிடுகிறது. அந்த அறிவை அவர் எதற்குப் பயன்படுத்தினார்!

எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று தள்ளிவிடவும் முடியாது. கோவாவில் விசாரணை மன்றம் 1560இல் தொடங்கி, இடையில் நான்கு ஆண்டுகள் நீங்கலாக, 1812 வரை நீடித்தது. 1736இல் அது வெளியிட்ட ஓர் ஆணை, இந்துக்கள் செய்வதுபோல் உப்பிடாமல் சோறு சமைத்துப் பின்பு உப்புச் சேர்ப்பதைக்கூடக் கிறிஸ்தவர்களுக்குத் தடை செய்தது. நம் பங்கில் எத்தனை வீடுகள் தப்பியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம்; குருமனையே தப்பியிராது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, உண்மையின் பெயரால் கையாளப்பட்ட இத்தகைய வழிமுறைகளுக்காகவும், இஸ்ரயேல் மக்களுக்கு இழைக்கப்பட்டவற்றுக்காகவும் இறைவனிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்றாட்டின் பொருளை ‘தேன் தூறல்’ நமக்குச் சட்டி சட்டியாக விளக்கியது.

நூல் என்ற வகையில் அதில் ஓர் இடறல் உண்டு. சாட்சியங்களில் சரக்குகளின் பெயர்தான் இருக்கிறது. அளவும் பக்குவமும் இல்லை. அதே காலத்துச் சமையல் ஏடுகளைத் துணைகொண்டு ஆசிரியர்கள் மீதியை ஊகித்திருக்கிறார்கள், ஊகம் என்று சொல்லியும் இருக்கிறார்கள். அதில் பிழையில்லை. ஆனால் ஒரு பெண் எரிக்கப்பட்ட கதைக்கு அடுத்த வரியில் இத்தனை கரண்டி எண்ணெய் என்று வரும்போது கை தடுமாறுகிறது. இதைச் சமைத்து உண்பது மரியாதையா, அவமரியாதையா? ஒருவாறு துணிந்து, சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளியன்று குருமனையில் சமைக்கும் பாட்டியிடம் கேட்டோம். இறைச்சியை விட்டுவிட்டு, கொண்டைக்கடலை, கத்தரிக்காய், வெங்காயம், பூண்டு, நல்லெண்ணெய் என்று நாமே சுருக்கிக்கொண்டோம். பொழுது சாயுமுன் சட்டியை மூடித் தணலில் வைத்தாயிற்று. வைத்துக்கொண்டிருக்கும்போதே கதையைச் சொன்னோம்.

“ஏன் சாமி, சட்டிக்குள்ள என்ன கெடக்குன்னு பாத்தா ஆளப் புடிச்சாக?” என்றார்.

“ஆமாம் பாட்டி.”

“யாரு போய்ச் சொன்னது?”

“வீட்டில் வேலை செய்தவர்கள்.”

பாட்டி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. தணலைச் சாம்பலால் மூடிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் நண்பகலில் திறந்தபோது கத்தரிக்காய் இருந்த இடம் தெரியாமல் குழைந்திருந்தது. கடலை வெண்ணெயாய் வெந்திருந்தது. பாட்டி நாவில் வைத்துப் பார்த்து, காரமே இல்லையே என்றார். இவர்களை இசுபானிய அரசு நாடு கடத்திய அதே 1492இல்தான் கொலம்பஸ் கப்பலேறினார், மிளகாய் ஐரோப்பாவுக்குப் போனதே அதன்பிறகுதான், அதனால் இதில் மிளகாய் இல்லை என்று விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அடுப்பை மூட்டி, நான்கு வற்றலைக் கிள்ளிப் போட்டு, நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டினார்.