சவரக்கத்தியும் அவசரக் கல்லும்

மடக்குச் சவரக்கத்தியை ஆசைப்பட்டு வாங்குகிறவர் கூடவே ஒரு சாணைக்கல்லையும் வாங்கிவிடுகிறார். அடுத்த மாதம் அதைவிட நைசான இன்னொரு கல் வருகிறது. கத்தி என்றால் மழுங்கும், மழுங்கினால் தீட்டத்தானே வேண்டும் என்ற வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என் கணிப்பில் இந்தப் பழக்கத்தின் பெரிய கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. புதியவர் கையில் கத்தியைக் கெடுப்பது தாடி மயிரைவிட அந்தக் கல்தான்.

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கத்தியின் வடிவமைப்பே ஒரு சாமர்த்தியம். சமையல் கத்தியைத் தீட்டுகிறவர் மணிக்கட்டாலேயே கோணத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் போச்சு. சவரக்கத்திக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் தடித்த முதுகையும் கூர் விளிம்பையும் ஒருசேரக் கல்லில் படுக்க வைத்தால், முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்து சுமார் 16, 17 பாகைக் கோணத்தைத் தாமே அமைத்துத் தந்துவிடும். தீட்டும்போது முதுகும் கூடவே தேய்வதால், பல ஆண்டுகளில் அலகு குறுகினாலும் கோணம் பெரிதாக மாறாது. அளவுகருவியைக் கத்தியின் உடம்பிலேயே வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் நூறு வருடத்துக்கு முன் செய்த கத்திகள் இன்றும் முகம் மழிக்கின்றன என்றால், எஃகின் தரத்தோடு இந்த வடிவமும் ஒரு காரணம்.

ஆனால் பராமரிப்பு எந்தக் காலத்திலும் சுலபமாக இருந்ததில்லை. 1769-இல் பாரிஸில் ழான்-ழாக் பெரே என்ற கத்தி செய்யும் தொழிலாளி, தனக்குத் தானே மழித்துக்கொள்வது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். அதன் நீண்ட தலைப்பிலேயே கல்லை எப்படி இனம் காண்பது, கத்தி தேய்க்கும் தோலை எப்படிப் பக்குவப்படுத்துவது என்பவையும் இடம் பிடித்துக்கொண்டன. கிங் ஜில்லெட் அமெரிக்காவில் தன் பாதுகாப்பு ரேசரை விற்க வந்தபோது, அவரது விளம்பரங்கள் முன்வைத்த கவர்ச்சி தோல்வாரில் தேய்க்க வேண்டாம், கல்லில் தீட்ட வேண்டாம் என்பது. 1903-இல் விற்றது 51 ரேசர். மறு வருடம் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. அப்பா வாரில் தேய்ப்பதைப் பார்த்து வளர்ந்த தலைமுறையே இந்த வேலையிலிருந்து தப்பித்தால் போதும் என்று ஓடியிருக்கிறது. இன்று ஆசையாகத் திரும்பி வருகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புதியவர்களைக் குழப்பும் முதல் விஷயம், தேய்ப்பதும் தீட்டுவதும் ஒன்று என்ற நினைப்பு. தோல்வாரில் தேய்ப்பது அன்றாடக் காரியம். கத்தியின் முதுகு முன்னே போக, விளிம்பு பின்னால் இழுபடும். கல்லில் தீட்டுவது எப்போதாவது செய்வது. அங்கே விளிம்பு முன்னே போகும். ஒன்று இருக்கிற கூரைக் காக்கிறது, மற்றது எஃகைச் செதுக்கிப் புதுக் கூர் உண்டாக்குகிறது. மழிக்கும்போது விளிம்பு மடிந்துவிடுகிறது, வார் அதை நிமிர்த்துகிறது என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். 2020-இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான்லூக்கா ரோஸ்சியோலி, ஜெம் தாசன் குழுவினர் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது வேறொரு படம் தெரிந்தது. மயிர் எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மிருதுவானது. இருந்தும், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில், மயிர் சாய்வாக மோதும்போது விளிம்பிலிருந்து நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. அவர்கள் சோதித்தது பயன்படுத்தி வீசும் பிளேடுகளை; மடக்குக் கத்திக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஒன்று விளங்குகிறது. மடிந்ததை நிமிர்த்தலாம், பெயர்ந்ததை நிமிர்த்த முடியாது. வாரை மட்டும் நம்பிக் காலம் முழுக்க ஓட்டிவிடலாம் என்பவர்களும் மிகைப்படுத்துகிறார்கள். என்றைக்காவது கல் தேவைதான். அது முதல் மாதமா என்பதே கேள்வி.

ஏன் முதல் மாதம் கூடாது? புதியவரிடம் அளவுகோல் இல்லை. நன்றாகக் கூரேறிய கத்தி முகத்தில் எப்படிப் போகும் என்பதை அவர் ஒருமுறைகூட உணர்ந்ததில்லை. உப்பின் ருசியே அறியாதவரைக் கூப்பிட்டுக் குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொல்வது போன்றது இது. கத்தி இழுக்கிறது, பிடுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூர் போதாமல் இருக்கலாம். கத்தியை 30 பாகைக்கு மேல் நிமிர்த்திப் பிடித்திருக்கலாம். நுரை காய்ந்திருக்கலாம். மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடிக்க மறந்திருக்கலாம். வாரில் முதுகைத் தூக்கி, இருந்த கூரையும் உருட்டியிருக்கலாம். ஐந்தும் முகத்தில் ஒரே மாதிரிதான் எரியும். எது காரணம் என்று பிரித்தறிய வழியில்லாதவர், கையில் இருக்கும் கல்லைத்தான் எடுப்பார். எடுத்துத் தீட்டியபின் இழுப்பது அதிகமானால் இன்னும் தீட்டுவார். கடையில் புதிதாக வாங்கும் கத்தி பல நேரம் மழிக்கும் பதத்தில் வருவதில்லை என்பதும் இந்தச் சுழலை முடுக்கிவிடுகிறது.

ஆகவே வாரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையை இடது கையால் தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். வார் தொய்ந்தால் தோல் விளிம்பைச் சுற்றி வளைந்து கூரை மழுக்கிவிடும். கத்தியின் கழுத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, முதுகும் விளிம்பும் தோலில் படிய, கத்தியின் எடைக்குமேல் சற்றே அழுத்தம் கொடுத்து இழுக்க வேண்டும். ஓட்டம் முடிந்ததும் கத்தியை நிறுத்தி, முதுகு தோலை விட்டு எழாமல், முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். மணிக்கட்டைத் திருப்பக் கூடாது; விரல்களுக்கு நடுவே கழுத்து உருளும். தவறு நடப்பது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில். நிறுத்துமுன்பே புரட்டினால் விளிம்பு தோலில் குத்தும். வாரில் ஒரு வெட்டு விழும், கூரும் போகும். சினிமாவில் நாவிதர் படபடவென்று தேய்ப்பதைப் பார்த்து வேகத்தைக் காப்பியடிக்கிறவர்கள் முதல் வாரத்திலேயே வாரைக் கிழிப்பார்கள். அந்த வேகம் கை பழகியபின் தானாக வருவது, அதற்குத் தனி மகிமை ஒன்றும் கிடையாது. வாரின் துணிப் பக்கத்தில் 20 தடவை, தோல் பக்கத்தில் 40 முதல் 60 தடவை என்பது வழக்கமான கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் குற்றமில்லை. ஒரே ஒரு தடவை முதுகு தூக்கினால் அதுவரை செய்தது வீண். மழிக்காத பழைய கத்தி ஒன்றை வைத்து இதைப் பழகுவது புத்திசாலித்தனம்.

கல்லில் நடப்பது வேறு கதை. 1000 எண் கல்லில் இரண்டு பக்கச் சரிவுகளும் நெடுக ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். அது அமையாமல் 4000, 8000, 12000 என்று மேலும் நைசான கற்களுக்கு ஏறிக்கொண்டே போனால் மழுங்கல் பளபளப்பாகும், அவ்வளவே. சந்தித்ததா என்று கண்டுபிடிக்க எளிய உபாயம் உண்டு: அழியாத மார்க்கரால் விளிம்பில் மை தீட்டி ஒரு இழுப்பு இழுத்தால், மை மிஞ்சிய இடத்தில் கல் படவில்லை என்று அர்த்தம். இதைச் செய்யாமல் விரலால் அழுத்தி வேகம் காட்டுகிறார்கள். உட்குழிவாக அரைத்த மெல்லிய அலகு அழுத்தத்தில் வளையும். நடுப்பகுதி அதிகம் தேய்ந்தால் விளிம்பு உள்ளே குழிந்துவிடும். குழிந்த கத்தியின் இரண்டு ஓரமும் கன்னத்தில் குத்தும். அதைச் சரிசெய்ய நிறைய எஃகை இழக்க வேண்டும். போதாக்குறைக்குக் கல்லும் தேய்ந்து பள்ளமாகும். அதைச் சமன்படுத்த இன்னொரு தட்டு வேண்டும். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் கார்னெட் துகள் நிறைந்த மஞ்சள் கல், கியோட்டோ பக்கத்து ஜப்பானியக் கல் என்று ஒருவர் தேடத் தொடங்கிவிட்டால், தாடி சாக்காகிவிடும். அது கல் சேகரிக்கும் பொழுதுபோக்கு. அதில் பிழையில்லை, சவரம் என்று சொல்லிக்கொள்ளாதவரை.

நடுவழி ஒன்று உண்டு. பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடுப் பசையைச் சமமான பால்சாக் கட்டையிலோ தனி வாரிலோ தடவி, கூர் குறையும்போது பத்துப் பன்னிரண்டு தடவை தேய்ப்பது. அரை மைக்ரான் அளவுத் துகள் என்பதால் எஃகு மிகக் கொஞ்சமே போகும், கல்லுக்குப் போகும் நாள் தள்ளிப்போகும். சிலருக்கு அந்தக் கூர் முகத்தில் எரிச்சல் தரும். அடிக்கடி செய்தால் விளிம்பு உருண்டையாகும். அன்றாட வாரில் இந்தப் பசை ஒட்டவே கூடாது. புதியவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான், குறைகளையும் சேர்த்துச் சொல்லி. தொங்கும் தலைமுடியை அறுத்துப் பார்க்கும் சோதனையை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம்; எண்ணெய் முடி ஒரு மாதிரி அறுபடும், ஷாம்பு போட்ட முடி இன்னொரு மாதிரி. நகத்தில் இழுத்துப் பார்ப்பது தீட்டி முடித்த கூரைப் பாழாக்கும்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் லேசாகத் தொட்டுவிட்டுப் போகும் ஒரு சங்கதி நம் ஊருக்கு முக்கியம். மடக்குச் சவரக்கத்திகளில் பெரும்பாலானவை துருப்பிடிக்கும் கார்பன் எஃகு. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஈரத்தில், குளியலறை அலமாரியில் வைத்த கத்தியின் மெல்லிய விளிம்பு கண்ணுக்குத் தெரியாமலே அரிக்கப்படும். கூர் நிற்கவில்லை என்று கல்லைத் தேடுகிறவர் முதலில் கத்தி வைத்திருக்கும் இடத்தை மாற்றட்டும். நன்றாகத் துடைத்து, உலர்ந்த துணிப் பட்டையில் சில தடவை இழுத்து, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவி, அறைக்குள் வைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும்.

தீட்டத் தெரிந்தவரிடம் கொடுத்து வாங்கலாமே என்றால், அந்தக் கைகள் இங்கே அருகிவிட்டன. 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்ட பிறகு வந்த பிரசாரங்களில், சலூனில் புது பிளேடு கேட்டு வாங்கச் சொன்னார்கள். சரியான அறிவுரை, ஒரே கத்தி பல முகங்களில் போவது மஞ்சள் காமாலை வைரசுக்கும் வழிதான். பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியை மாட்டும் கத்தி எல்லாக் கடைக்கும் வந்தது, கல்லும் வாரும் பரணுக்குப் போயின. கத்தியும் கல்லும் அடைப்பத்தில் சுமந்து தெருத்தெருவாகப் போனவர்களின் கைத்திறனைச் சாதியின் பெயரால் கீழே வைத்த சமூகம் இது. அதே வேலையை இறக்குமதிக் கல்லில் செய்தால் இன்று கலை என்றும் தியானம் என்றும் பெயர் சூட்டுகிறோம்.

சிக்கனம் என்ற வாதம் என்னிடம் எடுபடாது. ஒரே கத்தி, ஒரே வார் என்று நிற்பவருக்குத்தான் அந்தக் கணக்கு சரிப்படும். கல்வரிசை சேர்ந்துவிட்டால் அந்தப் பணத்துக்குப் பல வருடத்துக்கான இருமுனை பிளேடு கிடைக்கும். பிளாஸ்டிக் குப்பை குறையவேண்டும் என்றாலும் இருமுனை பிளேடே போதும், அது முழுக்க எஃகு. மலிவும் வேகமும் தேடுகிறவர் இந்தப் பக்கம் வரவேண்டாம். காலையில் கால் மணி நேரம் கையில் இருந்து, ஒரு கருவியைக் கெடாமல் வைத்துக்கொள்வதில் சந்தோஷம் காண்கிறவருக்கு இது நல்ல பழக்கம். அவரும் முதல் வருடம் கல் வாங்காமல் இருப்பது நல்லது.

அப்படி இறங்குகிறீர்கள் என்றால், மழிக்கும் பதத்தில் கையால் தீட்டித் தருகிறவரிடம் கத்தியை வாங்குங்கள். வந்ததும் வாரில் தேய்த்துவிடாதீர்கள். அப்படியே முதல் சவரத்தைச் செய்து, கத்தி கன்னத்தில் எப்படிப் போயிற்று என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மறுநாள் வாரில் தேய்த்தபின் அதைவிட மோசமாகப் போனால் கோளாறு வாரில் இருக்கிறது. கல்லுக்கு அங்கே வேலையில்லை.